ஸ்டே கொடுங்கள்... கூடவே சோறும் கொடுங்கள்!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்று ஒரு பழமொழி உண்டு. லேபர் கோர்ட்டில் ஜெயித்து வீட்டுக்கு வரும் தொழிலாளிக்கு இதன் அர்த்தம் ஒரே மாதத்தில் புரிந்துவிடும்.

ஒரு உதாரணம் எடுத்துக் கொள்வோம். கற்பனை உதாரணம்தான். ஆனால் தொழிலாளர் வழக்குகளைப் படிப்பவர்களுக்கு ரொம்பவே பழக்கமான கதை.

ஒரு தொழிற்சாலையில் 15 வருடம் வேலை பார்த்த தொழிலாளி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் சொல்லாமல் லீவு போட்டுவிட்டார். நிர்வாகம் மெமோ கொடுத்தது, என்கொயரி நடத்தியது, 2005-ல் டிஸ்மிஸ் செய்தது. அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் 4,500 ரூபாய். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரசப் பேச்சு நடந்தது. அது முறிந்து விஷயம் லேபர் கோர்ட்டுக்குப் போனது. வாய்தா மேல் வாய்தா. கடைசியில் 2012-ல் தீர்ப்பு வந்தது. "செய்தது தப்புதான், ஆனால் அதற்கு வேலையையே பறிப்பது அதிகப்படியான தண்டனை. மீண்டும் வேலை கொடுங்கள், பாதிச் சம்பள பாக்கியையும் கொடுங்கள்."

இப்படித் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் லேபர் கோர்ட்டுக்கு உண்டு. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-ல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு அதைக் கொடுத்தது.

வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் தீர்ப்பு வெளியான அன்றே அமலுக்கு வராது. 17ஏ பிரிவின்படி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். அந்த 30 நாளுக்குள் நிர்வாகத்தின் வக்கீல் ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டுவிடுவார். மனுவோடு இன்னொரு சின்ன மனுவும் இருக்கும். "வழக்கு முடியும் வரை தீர்ப்பை அமல்படுத்த இடைக்காலத் தடை வேண்டும்." பல நேரம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போவதற்கு முன்பே முதல் நாளிலேயே தடை கிடைத்துவிடுகிறது.

அவ்வளவுதான். ஏழு வருடம் கோர்ட் படி ஏறி வாங்கிய தீர்ப்பு, ஒரு பக்க உத்தரவில் உறைந்து போய்விடும்.

தடை என்றால் என்ன?

இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. "ஹைகோர்ட் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சாம்" என்று ஊரில் பேசிக் கொள்வார்கள். அப்படி இல்லை. தடை என்பது லேபர் கோர்ட் தப்பு செய்துவிட்டது என்ற முடிவு கிடையாது. "நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், அதுவரை அப்படியே நிற்கட்டும்" என்பதுதான் அதன் பொருள். தீர்ப்பு உயிரோடுதான் இருக்கும். ஆனால் அதை வைத்து வேலைக்கும் போக முடியாது, பாக்கியையும் வசூலிக்க முடியாது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. தொழில் தகராறுகள் சட்டம், 1947-ல் லேபர் கோர்ட் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு என்ற வழியே வைக்கப்படவில்லை. தீர்ப்பு இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் 17-வது பிரிவு சொன்னது. தீர்ப்பை மீறுகிறவர்களுக்கு ஆறு மாதம் வரை ஜெயில் என்று 29-வது பிரிவும் இருந்தது. தொழிலாளியால் கோர்ட் கோர்ட்டாக அலைய முடியாது, அதனால் வழக்கு ஒரே இடத்தில் முடியட்டும் என்பதுதான் நோக்கம்.

ஆனால் அரசியல் சட்டத்தின் 226, 227-வது பிரிவுகள் ஹைகோர்ட்டுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது. அந்த வாசல் வழியாகத்தான் நிர்வாகங்கள் போகின்றன. முதலில் ஒரு நீதிபதி முன்னால் ரிட் மனு, பிறகு இரண்டு நீதிபதிகள் முன்னால் ரிட் அப்பீல், பிறகு சுப்ரீம் கோர்ட்டில் சிறப்பு அனுமதி மனு. மேல்முறையீடே இல்லாத சட்டத்தில் மூன்று மாடி ஏற வேண்டியிருக்கிறது!

தடை கேட்பதே தப்பா?

தப்பு இல்லை. இதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். லேபர் கோர்ட்டும் தவறு செய்யும். டிக்கெட் காசில் கை வைத்தது நிரூபிக்கப்பட்ட கண்டக்டருக்கு, தொகை சின்னது என்பதற்காக மட்டும் மீண்டும் வேலை கொடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரை வேலைக்கு எடுத்து, பாக்கியையும் கொடுத்து, ஐந்து வருடம் கழித்து "தீர்ப்பு தப்பு" என்று ஹைகோர்ட் சொன்னால் கொடுத்த பணத்தை யாரிடம் போய் வாங்குவது? அரசு போக்குவரத்துக் கழகம் என்றால் அது மக்கள் பணமும் கூட.

ஆகவே தடை கேட்கும் உரிமை வேண்டும். தடை கொடுக்கும் அதிகாரமும் வேண்டும். கேள்வி அதுவல்ல. வழக்கு நடக்கும் அந்த ஐந்து வருடமோ பத்து வருடமோ, காத்திருப்பின் செலவை யார் சுமப்பது? இதுதான் கேள்வி.

தடை கொடுக்கும்போது நீதிமன்றங்கள் வழக்கமாக மூன்று விஷயங்களைப் பார்க்கும். மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கில் சாரம் இருக்கிறதா? தடை கொடுத்தால் யாருக்குக் கஷ்டம் அதிகம், கொடுக்காவிட்டால் யாருக்கு அதிகம்? பின்னால் ஈடுகட்டவே முடியாத நஷ்டம் யாருக்கு வரும்?

இந்த மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிர்வாகத்துக்கு வரக்கூடிய நஷ்டம் பணம். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. தொழிலாளிக்கு? பிள்ளையின் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஹைகோர்ட் தேதி கொடுக்கும் வரை காத்திருக்காது. வட்டிக்கடையில் வைத்த நகை காத்திருக்காது. டயாலிசிஸ் காத்திருக்காது. எட்டு வருடம் கழித்து மொத்தமாக நாலு லட்சம் கையில் வந்தாலும், படிப்பை விட்டுவிட்டு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போன பையனைத் திரும்ப ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா? ஈடுகட்ட முடியாத நஷ்டம் என்றால் இதுதானே!

பணத் தீர்ப்புக்கு ஒரு நியாயம்...

சாதாரண சிவில் வழக்கில் அப்பீல் போட்டாலே தடை கிடைத்துவிடாது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 41, விதி 5 இதைத் தெளிவாகச் சொல்கிறது. தடை வேண்டும் என்றால் பெரிய நஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். தாமதமில்லாமல் வந்திருக்க வேண்டும். செக்யூரிட்டியும் கொடுக்க வேண்டும்.

தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்கில் முதலாளி அப்பீல் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையைக் கட்டிய சான்றிதழை மனுவோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பீலே எடுபடாது. கிராஜுவிட்டி வழக்கிலும் அப்படித்தான், பணத்தைக் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். மோட்டார் வாகன விபத்து வழக்கில் அப்பீல் போகிறவர் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இதில் எது குறைவோ அதைக் கட்ட வேண்டும் என்று 173-வது பிரிவு சொல்கிறது.

ஆக, பணமாக ஜெயித்தவருக்குச் சட்டம் வாசலிலேயே ஒரு காவல் போட்டு வைத்திருக்கிறது. வேலையாக ஜெயித்தவருக்கு? அவருக்கும் ஒன்று இருக்கிறது. அதுதான் 17பி.

17பி வந்த கதை

தீர்ப்பு வந்தும் வேலைக்குப் போக முடியாமல் தொழிலாளர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் 1982-ல் தொழில் தகராறுகள் சட்டத்தில் 17பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1984 ஆகஸ்ட் 21 முதல் அமலுக்கு வந்தது. விஷயம் எளிமையானது. மீண்டும் வேலை கொடுக்கச் சொல்லி வந்த தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் ஹைகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ போனால், அந்த வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் முழுக்க, தொழிலாளி கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். தொழிலாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "நான் வேறு எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை" என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இல்லை, அவர் வேறு இடத்தில் போதுமான சம்பளம் வாங்குகிறார் என்று நிரூபிக்கப்பட்டால் இந்தச் சம்பளம் கிடையாது.

இந்தப் பிரிவு வருவதற்கு முன்பே சில நீதிபதிகள் தடை கொடுக்கும்போது இப்படி நிபந்தனை போட்டு வந்தார்கள். அந்த நல்ல வழக்கத்தைத்தான் சட்டம் உரிமையாக மாற்றியது. 1986-ல் டெல்லி காசநோய் மையத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், 1984-க்கு முன்பே வந்த தீர்ப்புகளுக்கும் 17பி பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. கஷ்டத்தைக் குறைக்க வந்த சட்டத்தை அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிறகு 1997-ல் தேனா வங்கி வழக்கு. 17பி-யின் கீழ் கொடுக்கும் பணம் பிழைப்பூதியம் மாதிரி, கடைசியில் நிர்வாகமே ஜெயித்தாலும் அதைத் திருப்பிக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. நல்ல விஷயம். சாப்பிட்ட சோற்றைத் திருப்பிக் கேட்க முடியாதுதானே!

அப்புறம் என்ன பிரச்சினை?

சட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஓட்டைகள் நடைமுறையில் இருக்கின்றன. முக்கியமாக இரண்டு.

முதல் ஓட்டை, நேரம். தடை ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. 17பி சம்பளம் அப்படித் தானாக வந்துவிடாது. தொழிலாளிக்கு முதலில் நோட்டீஸ் வர வேண்டும். அவர் ஊரிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ போய் ஒரு வக்கீலைப் பிடிக்க வேண்டும். ஃபீஸ் கொடுக்க வேண்டும். தனியாக மனு, பிரமாணப் பத்திரம் எல்லாம் போட வேண்டும். அதற்கு நிர்வாகம் பதில் மனு போடும். "இவர் வெளியில் ஆட்டோ ஓட்டுகிறார்" என்று சொல்லும். அதை விசாரிக்க ஒரு வாய்தா, இன்னொரு வாய்தா... அன்றாடச் சோற்றுக்காக வந்த சட்டத்தின் சோறு, மாதக்கணக்கில் அடுப்பிலேயே வேகும்.

அரசியல் சட்டத்தின் 226(3)-வது பிரிவில் ஒரு மருந்து இருக்கிறது. எதிர்த்தரப்பைக் கேட்காமல், மனுவின் நகல்களும் கொடுக்கப்படாமல் தடை வழங்கப்பட்டிருந்தால், அதை நீக்கக் கோரும் மனுவை ஹைகோர்ட் இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் தடை தானாகவே போய்விடும். ஆனால் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டே நாளில் மனுப் போடும் நிலையில் எத்தனை தொழிலாளிகள் இருப்பார்கள்?

தடைகளுக்குப் பொதுவாகவே ஒரு காலக்கெடு வைக்கலாமே என்று கேட்கலாம். சுப்ரீம் கோர்ட் 2018-ல் அப்படி ஒன்று செய்து பார்த்தது. சிவில், கிரிமினல் விசாரணைகள் மீதான தடை ஆறு மாதத்தில் தானாக முடிந்துவிடும் என்று சொன்னது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அது சரியல்ல என்று மாற்றிவிட்டது. கோர்ட்டில் தேதி கிடைக்காததற்கு மனுதாரர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே கேள்வியைத் தொழிலாளியும் கேட்கலாம் இல்லையா? கோர்ட்டில் தேதி கிடைக்காததற்கு அவர் மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

இரண்டாவது ஓட்டை, "கடைசியாக வாங்கிய சம்பளம்" என்ற வார்த்தை. தேனா வங்கி வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் இதற்கு நேரடி அர்த்தம் கொடுத்துவிட்டது. வேலையில் இருந்திருந்தால் இன்று என்ன சம்பளம் வாங்கியிருப்பாரோ அது அல்ல, வெளியே அனுப்பிய அன்று வாங்கியது எவ்வளவோ அதுதான். நம் உதாரணத் தொழிலாளி 2005-ல் வாங்கியது 4,500 ரூபாய். ஹைகோர்ட் வழக்கு 2020 வரை இழுத்தால் 2020-லும் அதே 4,500 ரூபாய்தான். ஒரு நாளைக்கு 150 ரூபாய். அதில் வாடகை கொடுப்பதா, அரிசி வாங்குவதா, சென்னைக்கு வாய்தாவுக்குப் பஸ் ஏறுவதா?

அதே தேனா வங்கித் தீர்ப்பில் ஒரு ஜன்னலும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. 17பி சொல்வது குறைந்தபட்சம்தான், பொருத்தமான வழக்குகளில் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்ல ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்பதே அது. டெல்லி ஹைகோர்ட் பல வழக்குகளில் இந்த ஜன்னலைப் பயன்படுத்தி, கடைசிச் சம்பளம் அல்லது குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கூடுதலாக வாங்கும் தொகையை மட்டும், தோற்றால் திருப்பித் தருவதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் இது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமை அல்ல.

புதுச் சட்டம் வந்தும்...

2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1947 சட்டத்தின் இடத்தை அது எடுத்துக் கொண்டிருக்கிறது. அதன் அமைப்பில் லேபர் கோர்ட்டுக்குப் பதில் இரண்டு உறுப்பினர்கள் கொண்ட தொழில் தீர்ப்பாயம். 17பி-யின் ஏற்பாடு அந்தத் தொகுப்பிலும் இருக்கிறது. அதுவரை சந்தோஷம். ஆனால் பழைய வார்த்தைகளே அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதே "கடைசியாக வாங்கிய சம்பளம்", அதே பிரமாணப் பத்திரம். முப்பத்தைந்து வருட அனுபவத்தில் தெரிந்த ஓட்டைகளை அடைக்க ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தும், பழைய சட்டையையே துவைத்துப் போட்டுக் கொண்ட கதைதான்.

நிர்வாகங்கள் சொல்லும் பதில்

"வேலையே பார்க்காதவனுக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்பார்கள். பதில் ரொம்பச் சுலபம். வேலை கொடுத்து வாங்கிக் கொள்ளுங்களேன்! வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே எடுத்தால், சம்பளத்துக்கு வேலையும் கிடைக்கும், வழக்கும் அதன் பாட்டுக்கு நடக்கும். அவர் வேலை பார்க்காமல் இருப்பதற்குக் காரணம், வேலை பார்க்க விடக் கூடாது என்று நிர்வாகம் வாங்கி வைத்திருக்கும் தடைதான். கேட்டைப் பூட்டியவரே "ஏன் வேலைக்கு வரவில்லை" என்று கேட்கலாமா?

"நாங்கள் ஜெயித்தால் கொடுத்த பணம் நஷ்டம்தானே?" என்பார்கள். உண்மைதான். ஆனால் லேபர் கோர்ட் ஏற்கெனவே இரண்டு பக்கமும் சாட்சி கேட்டு, ஆவணம் பார்த்து, தொழிலாளி பக்கம் நியாயம் என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? வழக்கை நீட்டிப்பதால் வரும் செலவில் ஒரு பங்கை, நீட்டிக்கச் சொல்கிறவர் ஏற்பதுதான் முறை. 2013-ல் மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதைத் தொட்டது. நீண்ட வழக்கில் பணமும் நல்ல வக்கீலும் முதலாளி பக்கம்தான் இருக்கும், கோர்ட் தாமதத்துக்கான தண்டனையை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பது அதன் கருத்து.

இன்னொன்றும் உண்டு. மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தால் நிர்வாகத்துக்கும் வழக்கைச் சீக்கிரம் முடிக்க அக்கறை வரும். எதுவுமே கொடுக்க வேண்டாம் என்றால் வாய்தாதான் லாபம். சில தொழிலாளிகள் காத்திருந்து காத்திருந்து ரிடையர் ஆகும் வயதே வந்துவிடும். அப்புறம் "மீண்டும் வேலை" என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். மூன்று சின்ன மாற்றம் போதும்.

1. தடை உத்தரவிலேயே, "அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் முதல் மாதச் சம்பளம் தொழிலாளியின் பேங்க் கணக்கில் போட வேண்டும், போடாவிட்டால் தடை நீங்கிவிடும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பிரமாணப் பத்திரத்தை லேபர் கோர்ட் தீர்ப்பு வந்த உடனேயே வாங்கி வைத்துவிட்டால் தனி மனுவுக்கே அவசியம் இல்லை.

2. "கடைசியாக வாங்கிய சம்பளம்" என்பதை, "கடைசிச் சம்பளம் அல்லது இன்றைய குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது" என்று சட்டத்திலேயே மாற்ற வேண்டும்.

3. வேறு வேலை பார்க்கிறார் என்று நிர்வாகம் சொன்னால், அதை நிரூபிக்கும் வரை சம்பளம் நிற்கக் கூடாது. வயிற்றுப் பாட்டுக்கு இரண்டு நாள் மூட்டை தூக்கியதையெல்லாம் "போதுமான சம்பளம்" என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. தடை கொடுக்கும் நீதிபதி மனசு வைத்தால் நாளைக் காலையே செய்யலாம்.

தடை என்பது தராசை அப்படியே பிடித்து நிறுத்துவது என்பார்கள். ஆனால் ஒரு தட்டில் கம்பெனியும் இன்னொரு தட்டில் ஒரு குடும்பத்தின் வயிறும் இருக்கும்போது, வெறுமனே பிடித்து நிறுத்தினாலே ஒரு பக்கம் தானாக இறங்கிவிடும். ஹைகோர்ட் கடைசியில் யார் பக்கம் வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லட்டும். அந்தத் தீர்ப்பைக் கேட்கும் நாள் வரை தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.